வாலடிக் குழி

எனக்கு ஆளை முகம் பார்த்து எடை போடத் தெரியாது. அதில் ஏமாந்த கதை நிறைய உண்டு. ஆனால் ஒரு மாட்டின் பின்னால் போய் நின்றால் போதும், அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவேன். என்னைப் பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளை குடிப்பாரா, வீட்டில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள் என்று எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அவங்க மாடு எப்படி இருக்குன்னு கேளுங்க" என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். கல்யாணமாகி இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த மறுநாள் காலையில் முதல் வேலையாக மாட்டுப்பட்டிக்குப் போய் அவர்கள் வீட்டுப் பசுவின் பின்னால் நின்றேன். வாலடி நன்றாக நிரம்பியிருந்தது. சோம்பேறிகள் இல்லாத வீடுதான் என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. "என்னை எங்க பாத்தா, மாட்டைத்தானே பாத்துக் கட்டிக்கிட்டா" என்று என் வீட்டுக்காரர் வருஷக்கணக்கில் கேலி செய்தார்.

நான் வளர்ந்தது தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களா மாடுகளைப் பார்ப்பது அப்பாவின் வேலை. பட்டிக்குப் பக்கத்திலேயே எங்கள் வீடு இருந்ததால், பிள்ளைகள் நாங்கள் மாடுகளின் காலுக்கிடையில்தான் விளையாடினோம். மாட்டின் வயிற்றைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பது அங்கே எங்கள் எல்லாருக்கும் தெரியும். வைக்கோலும் தண்ணீரும் போனால் எந்த எலும்புக்கூட்டுக்கும் வயிறு உப்பிவிடும். சினைமாட்டைக் கேட்கவே வேண்டாம். பின்னால் நின்று வால் முளைக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். நல்ல மாட்டுக்கு வாலின் இரண்டு பக்கமும் சதை மூடியிருக்கும், விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். இளைத்த மாட்டுக்கு அந்த இடத்தில் குழி விழும். இன்னும் இளைத்தால் அந்தக் குழியில் ஒரு கோழிமுட்டையை வைக்கலாம், இடுப்பெலும்பு இரண்டும் சட்டை மாட்டுகிற ஆணிபோல் துருத்தி நிற்கும். பிறகு கையை விரித்து, விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே முதுகோரத்தில் வைத்துத் தடவ வேண்டும். எலும்பின் நுனி ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டினால் அந்த மாட்டுக்குத் தீனி போதவில்லை.

சினைமாட்டுக்கு ஏழாவது மாதத்திலிருந்து முதுகில் சதை ஏற வேண்டும். கன்று போட்ட பிறகு அந்தச் சதைதான் பாலாக இறங்கும். சதையில்லாத மாடு கன்று போட்டதும் படுத்துவிடும், பிறகு எழும்பாது. இதை நான் கண்ணால் பார்த்தவள். கல்யாணமான மறுநாள் நான் பார்த்தேனே, அந்தப் பசு அப்படித்தான் போனது. எழுபதுகளின் நடுவில், ரேஷன் கூப்பன் மாவும் ஒழுங்காகக் கிடைக்காமல் மனிதர்களே கீரையை அவித்துத் தின்ற பஞ்ச காலம் அது. மாட்டை யார் கவனித்தார்கள்? சாக்கை மடித்து அடியில் போட்டு, நாலு பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தோம். தலையை மட்டும் தூக்கித் தூக்கிக் கன்றைப் பார்த்துக்கொண்டே செத்தது.

அந்தக் கன்றுதான் செவலை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காற்றுக்காலத்தில் செவலைக்கு ஏழு மாதச் சினை. அதே சமயத்தில்தான் எனக்கும் பிள்ளை பிறந்தது. அதற்கு முன் பிறந்த இரண்டும் எனக்குத் தங்கவில்லை. மூன்றாவதாக வந்த பெண்பிள்ளை கையில் ஏந்தினால் கனமே தெரியாத பிள்ளை. எனக்குப் பால் சுரப்பும் குறைவு. டவுனிலிருந்து டின் பால் வாங்கி, தண்ணீர் ஜாஸ்தியாகக் கரைத்துப் புகட்டினோம். செவலை நல்லபடியாக நின்று கன்று போட்டால் பிள்ளை பிழைத்துவிடும் என்று நானும் என் வீட்டுக்காரரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளாமல் இருந்தோம். இருவர் மனதிலும் வேறு எதுவும் இல்லை.

ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கொண்ட எங்கள் லயம் தோட்டத்தின் அடிவாரத்தில் இருந்தது. பதுளையிலிருந்து மடுல்சீமைப் பக்கம் போகிற ரோட்டிலிருந்து நெடுந்தூரம் கீழே இறங்கி வர வேண்டும். லயத்துக்குக் கீழே ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமம். ஆடி ஆவணியில் ஊவா மலைகளில் அடிக்கிற காற்று எல்லாவற்றையும் காயவைத்துவிடும். மலைச்சரிவில் பத்தனைப் புல் சருகாகிப் போகும், தேயிலைக்குள் களைகூட வாடிவிடும். அப்போதும் ஆற்றோரம் மட்டும் பச்சையாக இருக்கும். எங்கள் லயத்துப் பெண்கள் பறித்த கொழுந்தை எடை போட்டு முடிந்ததும் கும்பலாக இறங்கிப் போய்ப் புல் அறுத்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருவார்கள். அந்த ஆறு இருந்ததால், பஞ்ச காலத்தைத் தவிர, எங்கள் மாடுகள் எந்தக் காற்றுக்காலத்திலும் இளைத்ததில்லை.

ஆற்றுக்கு அந்தக் கரையில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த கிராமத்து மனிதர் ஒருவர் எங்கள் லயத்தில் எல்லாருக்கும் பழக்கம். எங்கள் பட்டிச் சாணத்தை மூட்டையாகக் கொண்டுபோவார், பதிலுக்குப் பலாக்காயும் தேங்காயும் கொண்டுவந்து போடுவார். என் வீட்டுக்காரரைத் தம்பி என்று சிங்களத்தில் 'மல்லி' என்பார், என்னைத் தங்கச்சி என்று 'நங்கி' என்பார். நாங்கள் அவரை அண்ணே என்போம். உடைந்த தமிழில் அவர் பேசுவதைக் கேட்டு லயத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழிகிற வரை மாட்டுப்பட்டிக்குள் கால் வைக்கக் கூடாது. அது எங்கள் லயத்து வழக்கம். அதனால் அந்த ஆடி மாதம் முழுக்க நான் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள்ளேயே கிடந்தேன். ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற தேயிலை ஃபாக்டரியில் வேலை முடிந்ததும் என் வீட்டுக்காரரே புல்லுக்குப் போய்வந்தார். இன்னொரு வழக்கமும் உண்டு. காற்றுக்காலத்தில் மாட்டின் முதுகில் சாக்கைப் போர்த்திக் கட்டிவிடுவோம். குளிருக்கு என்று சொல்வோம். பாதிக் காரணம் கண்ணூறு. கன்று போடுகிற வரை சினைமாட்டின் உடம்பை வெளியாள் பார்க்கக் கூடாது, பார்த்தாலும் நன்றாயிருக்கிறது என்று சொல்லக் கூடாது. அடுத்த வீட்டு மாட்டின் சாக்கை யாரும் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். அப்படிப் பார்த்தால் சண்டைதான் வரும்.

ஒரு நாள் காலையில் நான் வாசலில் பிள்ளைக்கு வெயில் காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காம்பராக்காரி தன் பசுவைத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓட்டிவந்தாள். காற்று சாக்கைத் தூக்கி மாட்டின் கழுத்துப் பக்கம் போட்டது. வாலடியில் குழி தெரிந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்னடி, மாடு விரதமா இருக்கு?"

"வயித்துல பூச்சிக்கா" என்றாள். அவசர அவசரமாகச் சாக்கை இழுத்துக் கட்டினாள்.

"பூச்சிக்கு ஏண்டி உன் மூஞ்சி இப்படிப் போகுது? ஆத்துப் பக்கம் போகச் சோம்பல்னு சொல்லு."

வழக்கமாக என் ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சுப் பேசுகிறவள் அவள். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். கோபித்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு நான் கவனிக்கத் தொடங்கினேன். லயத்தில் பேச்சுக் குறைந்திருந்தது. சாயங்காலம் ஆற்றுப்பக்கமிருந்து ஏறி வருகிற பெண்களின் சிரிப்புச் சத்தம் என் காம்பராவரை கேட்கும். அந்தச் சத்தம் எப்போது நின்றது என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. புல்லுக்கட்டுகள் மட்டும் வந்துகொண்டிருந்தன, ஒருத்தி கீழ்ப்பாதையில், ஒருத்தி மேல்பாதையில் என்று தனித்தனியாக. காற்றாக இருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆனாலும் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்தால் காரணமில்லாமல் மனது அடித்துக்கொண்டது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார். செவலை எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்று தினமும் சொன்னார். சொல்லும்போது கால் கழுவப் போய்விடுவார்.

தீட்டுக் கழிந்த வாரத்தில்தான் கோமாரி ஊசி போடுவதற்குப் பதுளையிலிருந்து மாட்டு டாக்டர் வந்தார். டாக்டர் என்று நாங்கள்தான் சொல்வோம். டவுனில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை, படித்துவிட்டு மாட்டுக்கு ஊசி போடுகிற வேலைக்கு வந்தவர். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கயிறு கட்டி எல்லா மாடுகளையும் வரிசையாக நிறுத்தச் சொன்னார். பிறகு, "சாக்கையெல்லாம் எடுங்க" என்றார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அவர் மறுபடியும் சத்தம் போட்டதும் சாக்குகள் ஒவ்வொன்றாக இறங்கின.

பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நான் வரிசைக்குப் பின்னால் நின்றேன். ஒன்றுவிடாமல் எல்லா மாட்டுக்கும் வாலடியில் குழி. இடுப்பெலும்புகள் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஒரே மாதிரி எழும்பி நின்றன. பட்டியில் ஒரு மாடு இளைத்தால் பூச்சி என்பேன், இரண்டு இளைத்தால் வீட்டுக்காரிகளின் சோம்பல் என்பேன். எல்லாம் ஒரே அளவுக்கு, ஒரே காலத்தில் இளைத்து நின்றால் என்ன சொல்வது? நடுவில் செவலை நின்றது. வயிறு பானைபோல் இருந்தது. முதுகில் கை வைத்தேன், எலும்பு நுனிகள் விரலுக்குத் தட்டின. செத்துப்போன அதன் அம்மாவின் முதுகுகூட இவ்வளவு மோசமாக இருந்ததில்லை.

டாக்டரும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "இது நோய் மாதிரித் தெரியல்ல. காலையில தோட்டத்து மேல் டிவிஷன்ல ஊசி போட்டுட்டு வாறேன். அங்க மாடு இதைவிட நல்லா இருக்கு. இங்கதானே ஆறு பக்கத்துல இருக்கு, ஏன் இப்படி?" என்றார்.

எல்லாரும் தத்தம் மாட்டின் கொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் பூச்சி மருந்தைக் கொடுத்துவிட்டுப் பையை மூடினார். போகும்போது என் வீட்டுக்காரரிடம் தாழ்ந்த குரலில், "டவுன்ல கதை ஒண்டும் சரியில்ல. நான் வெள்ளனப் போகணும்" என்றார். வழக்கமாகக் குடிக்கிற தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் ரோட்டுக்கு ஏறிவிட்டார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் கொண்டுவந்து போட்ட புல்லுக்கட்டை நான் பட்டி வாசலில் அவிழ்த்தேன். ஆற்றுப் புல் தண்டு பருத்து, அறுத்த இடத்தில் ஈரமாக இருக்கும். இது தேயிலைக்குள் தண்ணீர் ஓட வெட்டின கானோரத்தில் சுரண்டின களை. நடுவில் மானாப் புல்லின் சருகை வைத்து, கட்டைப் பெரிதாகக் காட்டியிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டை அப்படியே தூக்கி அவர் காலடியில் எறிந்தேன்.

"யாருக்குக் காது குத்துறீங்க? இதுவா ஆத்துப் புல்லு? மாடு படுத்துருச்சுன்னா எம்புள்ளைக்கு எதைக் குடுப்பீங்க?"

அவர் பட்டிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மெதுவா பேசு புள்ள" என்றார். பிறகு சொன்னார். சில வாரங்களுக்கு முன் ஆற்றங்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது அந்த அண்ணன் அக்கரையிலிருந்து தண்ணீரில் இறங்கி வந்தாராம். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "மல்லி, இனி இந்தப் பக்கம் வர வேணாம். நல்லதுக்குச் சொல்றது. நான் சொன்னேன்னு ஒருத்தருக்கும் சொல்ல வேணாம். உன் சம்சாரத்துக்கும் சொல்ல வேணாம்" என்றாராம். சொல்லும்போதே மறுபடி மறுபடி அக்கரையைத் திரும்பிப் பார்த்தாராம். அதைப் பார்த்ததும் இவர் சத்தியம் செய்து கொடுத்துவிட்டாராம்.

"அந்த மனுஷன் நம்மளை நம்பிச் சொன்னாரு. நான் எப்படிப் போயி வாயைத் தொறக்குறது?" என்றார்.

நான் அவர் பேசி முடிக்கும்வரை நிற்கவில்லை. நேராகப் பக்கத்துக் காம்பராவுக்குப் போய், அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தவளின் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். "உங்கிட்ட அந்த அண்ணன் என்ன சொன்னாரு?" என்றேன். அவள் முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்? சாமி மேல சத்தியம் வாங்கிக்கிட்டாரே!" என்றாள். அடுத்த காம்பராவிலும் அதே கதை, அதற்கடுத்ததிலும் அதேதான். ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தரிடம் தனியாகச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு வீடும் தனக்கு மட்டும்தான் சொன்னார், தன் மேல்தான் யாருக்கோ பகை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தது. நல்ல மனிதர் ஒருவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, கானோரத்துக் களையைச் சுரண்டி ஆற்றுப்புல் மாதிரி கட்டிக்கொண்டு வந்து ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு இந்த மாதிரி விஷயத்தில் மானம் ஜாஸ்தி. லயம் முழுவதற்கும் சொன்ன சேதி காம்பராவுக்குக் காம்பரா பூட்டிக் கிடந்தது.

இருட்டுவதற்குள் எல்லாரையும் கோயில் முன்னால் கூட்டினோம். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், துரையிடம் போய்ச் சொல்லலாம் என்றார். வயதானவர்கள், போன கலவரத்தின்போதும் இப்படித்தான் பயமுறுத்தினார்கள், ஒன்றும் நடக்கவில்லை என்றார்கள். எனக்குப் பொறுமை இல்லை. "அந்த மனுஷன் தண்ணிக்குள்ள எறங்கி வந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லியிருக்காரு. வேலை வெட்டி இல்லாமலா சொன்னாரு? விடிஞ்சதும் மேல் டிவிஷனுக்குப் போயிரணும். நான் என் புள்ளையத் தூக்கிட்டுப் போறேன். நீங்க வந்தா வாங்க, வராட்டிப் போங்க" என்றேன். பிள்ளை வைத்திருந்த பெண்கள் எல்லாரும் என் பக்கம் வந்தார்கள். பிறகு ஆண்களும் மறுத்துப் பேசவில்லை.

காலையில் மூட்டையும் சட்டியுமாகக் கிளம்பினோம். மாடுகளையும் ஓட்டிக்கொண்டோம். மேல் டிவிஷனுக்குக் குறுக்குப்பாதை நெட்டுக்குத்தாக ஏறும். நல்ல காலத்தில் மாடுகள் அதில் மூச்சு வாங்காமல் ஏறிவிடும். அன்றைக்கு நாலு படி ஏறுவதும் நிற்பதுமாக வந்தன. செவலை பாதி தூரம்கூட வரவில்லை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டின மலையின் வளைவில் முன்னங்கால் இரண்டும் மடங்கிப் படுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் வாலைப் பிடித்துத் தூக்கினார். இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். பின்பக்கம் கொஞ்சம் எழும்பியது, மறுபடியும் சரிந்தது. கன்று வயிற்றுக்குள் அசைவது வெளியே தெரிந்தது.

எனக்கு என் வீட்டை விட்டு வந்ததற்கு அழுகை வரவில்லை. செவலையின் கழுத்துக் கயிற்றை அவிழ்க்கும்போது வாய்விட்டு அழுதேன். மார்பில் பிள்ளையும் அழுதது. யாராவது வந்து எழுப்பினாலும் எழுப்பட்டும், இல்லாவிட்டால் கட்டிக் கிடந்து சாக வேண்டாம் என்று நினைத்தேன். "வா புள்ள, வா" என்று என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். திரும்பிப் பார்த்தபோது அது எழும்ப முயற்சி செய்யாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் கீழிருந்து புகை எழும்பியது. முதலில் யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்றார்கள். பிறகு புகை கறுப்பாகி மலையின் பாதி உயரத்துக்கு வந்தது. மேல் டிவிஷன் பிள்ளைக் காம்பராவில் எங்களை வைத்திருந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடுகிற நீளமான அறை அது. அங்கே ஜன்னலோரத்தில் நின்று எல்லாரும் பார்த்தோம். லாரியில் வந்து எங்கள் லயத்தைக் கொளுத்தியவர்கள் வெளியூர் ஆட்கள் என்று பிறகு சிலர் சொன்னார்கள். வழி காட்டியவர்கள் உள்ளூர் ஆட்கள் என்று வேறு சிலர் சொன்னார்கள். லயத்தில் ஒரு உயிரும் இல்லாததால் எங்கள் ஆட்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் பிள்ளைக்குத்தான் அந்த நாட்களில் கஞ்சித் தண்ணியைத் தவிர வேறு கிடைக்கவில்லை. அழுவதற்கும் தெம்பில்லாமல் சும்மா கண்ணைத் திறந்து படுத்திருந்தது.

சில வாரம் கழித்து, மிச்சம் மீதி இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொல்லிப் போலீஸ் துணையோடு கீழே கூட்டிப்போனார்கள். தகரமெல்லாம் முறுக்கிக்கொண்டு கிடந்தது. எங்கள் காம்பராவில் அம்மிக்கல் மட்டும் இருந்தது. நான் வளைவில் செவலை படுத்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கியிருந்தேன். அங்கே எலும்பும் இல்லை, தோலும் இல்லை. அப்போது ஆற்றின் அக்கரையில் அந்த அண்ணன் தன் வேலி மறைவில் நின்று கையைக் காட்டுவதை என் வீட்டுக்காரர் பார்த்தார். போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பிள்ளையோடு கல்லின் மேல் கால் வைத்து ஆற்றைத் தாண்டினோம்.

அவர் வீட்டுப் பின்முற்றத்தில் செவலை நின்றுகொண்டிருந்தது. மடியில் ஒரு கிடேரிக் கன்று முட்டிக்கொண்டிருந்தது.

"பாதையில படுத்து இருந்துச்சு, நங்கி. நானும் மகனும் போய்த் தவிடு குடுத்து, கஞ்சி குடுத்து, மெதுவா மெதுவா எழுப்பி எடுத்தாச்சு" என்றார். அவர் மனைவி உள்ளே போய் ஒரு கோப்பையில் காய்ச்சின பால் கொண்டுவந்து என் பிள்ளைக்குச் சின்னக் கரண்டியால் புகட்டினார். பிள்ளை ஒவ்வொரு கரண்டிக்கும் வாயைத் திறந்தது. நான் அந்த அம்மாவின் காலில் விழப் போனேன், அவர் என் தோளைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு செவலையின் பின்னால் போய் நின்றேன். வாலடி நிரம்பிக்கொண்டு வந்திருந்தது. தீனி ஒழுங்காகக் கிடைத்த மாடு அது. பக்கத்தில் அவருடைய சொந்த மாடுகள் இரண்டு கட்டியிருந்தன. அவர் மாடுகளைத் தெரியாதவர்கள் எங்கள் லயத்தில் இல்லை. ஆற்றோரத்திலேயே மேய்ந்து, உருண்டு திரண்டு இருப்பவை. இப்போது இரண்டுக்கும் இடுப்பெலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது.

"அண்ணே, நீங்க ஆத்துப் பக்கம் புல்லுக்குப் போறதில்லையா?"

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "போக ஏலாது, நங்கி. லயத்துல ஆள் இல்லாம போனது யாரு சொல்லித்தான்னு ஊர்ல கேக்குறாங்க. வீட்டுல இருக்குற வைக்கோலு, பலா இலை, அவ்வளவுதான். சினைமாட்டுக்கு முதல்ல குடுத்தேன்."

"அப்ப நீங்க இங்க இருக்காதீங்கண்ணே. எங்களோட மேல வந்துருங்க. எங்க ஆளுங்க பாத்துக்குவாங்க."

அவர் பழைய மாதிரியே சிரித்தார். "எரிஞ்ச வீட்டுக்காரங்க நடுவுல நான் வந்து நின்னா, ஒங்க ஆளு என்னைச் சும்மா விடுமா? நீ விடுவே, மல்லி விடும். மத்த ஆளு?"

மேல் டிவிஷனில் இளைஞர்கள் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் குனிந்து கன்றைத் தூக்கிக்கொண்டார். செவலையை நான் பிடித்துக்கொண்டேன். அவர் எங்களோடு தண்ணீர்வரை வருவார் என்று நினைத்தேன். வேலி மறைவிலேயே நின்றுகொண்டு, "சீக்கிரம் போ, சீக்கிரம் போ" என்று கையை ஆட்டினார்.

செவலைப் பாலில் என் பிள்ளை தேறியது. கன்னம் வைத்து, குரல் எடுத்து அழத் தொடங்கியதும் எனக்கு உயிர் வந்தது. எங்களுக்கு மேல் டிவிஷனிலேயே காம்பரா கொடுத்தார்கள். ஐப்பசி மழை பிடித்து, பதட்டம் அடங்கிவிட்டது என்று எல்லாரும் சொன்ன பிறகு, நாங்கள் நாலைந்து பெண்கள் துணிந்து ஆற்றோரத்துக்குப் புல்லுக்கு இறங்கினோம். அந்த அண்ணனுக்கென்று ஒரு மூட்டை சாணமும் கட்டி எடுத்துக்கொண்டேன். ஆற்றைத் தாண்டிப் போனால், அவர் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. முற்றத்தில் புல் முளைத்திருந்தது.

அடுத்த வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் போய் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். ஒரு பெண், தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இன்னொருத்தி நான் கேட்பது காதில் விழாத மாதிரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது ஆற்றங்கரையை ஒட்டி வேறு யாரோ போட்டிருந்த ஒரு புது வேலிக்குள் அவருடைய மாடுகள் இரண்டும் கட்டியிருப்பதைப் பார்த்தேன். கூட வந்தவர்கள் வா வா என்று கூப்பிட்டார்கள். நான் நின்று பார்த்தேன். ஆற்றுப் புல் முன்னால் குவிந்து கிடந்தது, இரண்டு மாடும் நன்றாகக் கொழுத்திருந்தன.